அறுபதுக்கு மேல் ஒரு கேமரா

நம் பக்கத்தில் அறுபது தாண்டியவர்களைக் கேமராவுக்கு முன்னால்தான் நிறுத்துவார்கள். மணிவிழாவுக்கு ஒரு படம், பேரன் காதுகுத்துக்கு ஒரு படம், பிறகு சுவரில் மாலை போட ஒரு படம். கேமராவை அவர்கள் கையில் கொடுப்பவர் குறைவு. இதனால் எதை இழக்கிறோம் என்று தெரிய, மா. கிருஷ்ணன் எடுத்த கறுப்பு வெள்ளைக் காட்டுயிர்ப் படங்களைப் பார்க்க வேண்டும்.

நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் இவர். 1912-ல் பிறந்தவர், தாவரவியல் படித்தவர். 1968-ல் நேரு நிதிநல்கை கிடைத்தபோது வயது 56. மற்றவர்கள் பென்ஷன் கணக்குப் போடும் அந்த வயதில், தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைத் தேடிக் காடு காடாக அலைந்தார். 1950-ல் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் தொடங்கிய பத்தியை இறுதிவரை விடவில்லை. 1996 பிப்ரவரி 18 அன்று அவர் காலமானார். கடைசிப் பத்தி வெளியானதும் அன்றுதான். கேமராவும் கடையில் வாங்கியபடியே இருந்ததில்லை. வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே கட்டிக்கொண்ட ஒன்றுக்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தார்.

அவருடைய யானைப் படங்களை அவசரமாகப் புரட்டினால் ஒன்றும் பிடிபடாது. வண்ணம் இல்லை, அதிரடி இல்லை. சற்று நின்று பார்த்தால், தோலின் சுருக்கத்திலிருந்து கண் மெல்ல நகர்ந்து, பின்னாலுள்ள புதருக்கும் புல்லுக்கும் போய்ச் சேரும். தாவரவியல் படித்த கண் அல்லவா, மிருகத்தை அதன் இடத்திலிருந்து பிரித்தெடுக்க மனம் வராது. இப்போது வரும் பல காட்டுயிர்ப் படங்களில் பின்னணி வெண்ணெயாய் வழிகிறது. எடுத்தது முதுமலையிலா வண்டலூரிலா என்று சொல்ல முடிவதில்லை. எனக்குக் கிருஷ்ணன் கட்சிதான். அந்தப் படங்களுக்குத் தோள் வலு மட்டும் போதாது. எந்த மிருகம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று பல வருஷம் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். இருபது வயதுக்காரரிடம் அது இருக்காது.

காட்டுக்குப் போக முடியாதவர்களுக்கு ஜப்பானின் கிமிகோ நிஷிமோட்டோவைச் சொல்லலாம். 72 வயதில் மகன் நடத்திய புகைப்பட வகுப்பில் சேர்ந்தவர். குப்பைப் பைக்குள் தம்மையே மூட்டையாகக் கட்டிக்கொண்டு எடுத்த படம் உலகம் முழுக்கச் சுற்றியது. முதுமையைப் பற்றி மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதை அவரே படமாக்கிச் சிரித்துவிட்டார்.

தியாகதுருகத்துக்காரர்களுக்கு அந்தக் கோமாளித்தனம்கூட வேண்டியதில்லை. சேலம் - உளுந்தூர்பேட்டை சாலையில் போகிறவர்கள் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கடக்கிற கோட்டை மலை வீட்டு வாசலிலேயே நிற்கிறது. 1760-ல் பிரெஞ்சுக்காரர்கள் படை உதவிக்கு விலையாக ஹைதர் அலிக்குக் கொடுத்த கோட்டை இது. வரலாறு இருக்கட்டும், அந்தப் பாறைகளைப் பாருங்கள். உச்சி வெயிலில் தட்டையாகத் தெரிகிற அதே பாறை, காலை ஆறரை மணிக்குப் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்ததும் வெடிப்பும் மேடு பள்ளமுமாக எழுந்து வரும். ஐப்பசி மழையில் நனைந்து கறுக்கும், சித்திரையில் வெளுக்கும். மேற்கே கல்வராயன் மலை சில நாள் தெரியும், சில நாள் காணாமல் போகும். நாளைக்கு எப்படி இருக்குமோ என்ற ஆவல் ஒன்று போதும், கிழக்கு வெளுக்கும் முன் எழுந்து நடக்க. டாக்டர் சொல்லி நடப்பதைவிட இந்த நடை சுவையானது.

மலை ஏற வேண்டாம், அடிவாரமே போதும். கை நடுங்கினால் முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, போனில் மூன்று விநாடி டைமர் வைத்துக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கண் தானாகத் தேடும்.

பிள்ளைகளிடம் ஒரு விண்ணப்பம். அப்பா அம்மா எடுக்கும் படங்களை போனிலேயே விட்டுவிடாதீர்கள். வருஷத்துக்குப் பத்துப் படமாவது ஸ்டூடியோவில் பெரிதாக அச்சுப் போட்டுக் கொடுங்கள். எந்தப் பத்து என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.