கலப்பு முறைக் கல்வி: விழுக்காடு தரும் மயக்கம்

பல்கலைக்கழக மானியக் குழு, கலப்பு முறைக் கற்பித்தலைப் பற்றிய கருத்துரு ஒன்றை 2021ஆம் ஆண்டு மே திங்களில் வெளியிட்டு, பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. எந்தப் பாடத்திலும் 40 விழுக்காடு வரை இணையத்தின் வழியாகவும், எஞ்சிய 60 விழுக்காட்டை வகுப்பறையிலும் கற்பிக்கலாம் என்பது அதன் முதன்மையான பரிந்துரையாகும். கற்பவரை நடுவில் வைத்துக் கல்வியை அமைக்கவேண்டும் என்னும் அதன் நோக்கத்தை நாம் மனமார ஏற்கிறோம். ஆயினும் அந்நோக்கத்துக்கு இவ்விழுக்காடு துணைசெய்யுமா என ஆராய்தல் ஆசிரியப் பணியிலுள்ள நம் கடமையாகும்.

முதலாவது, கலப்பு என்பதன் பொருள் யாது? காரிசன், வாகன் என்னும் கனடா நாட்டுக் கல்வியாளர் இருவர் 2008இல் வெளியிட்ட நூலில், இருவகைக் கற்பித்தலையும் சிந்தித்து இணைப்பதையே கலப்பு என்கின்றனர். பழைய விரிவுரையோடு சில காணொலிகளை ஒட்டவைப்பது கலப்பாகாது; பாடத்தையே புதிதாக வடிவமைத்தல் வேண்டும். அளவை முன்னே வைத்துத் தொடங்குபவர் இவ்வடிவமைப்பைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்.

இரண்டாவது, காலத்தின் அளவு வேறு, அதன் கனம் வேறு. 1971இல் கற்பிக்கத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அஞ்சலில் அனுப்பிய பாடநூல்களையும் பி.பி.சி. ஒலி, ஒளிபரப்புகளையும் கொண்டு தொலைவிலுள்ளோருக்குக் கற்பித்தது. எனினும் அடிப்படைப் பாடங்களைப் பயின்றோர் கோடையில் ஒரு வாரம் ஓரிடத்தில் தங்கி, ஆசிரியரோடும் உடன்மாணவரோடும் கற்கவேண்டியிருந்தது. ஓராண்டில் ஒரு வாரம் விழுக்காட்டில் மிகச் சிறிது. ஆனால் தனித்துப் பயின்றவர் தம் ஐயங்களோடு முகமுகமாய் அமர்ந்த வாரம் அதுவே. சந்திப்பு எவ்வளவு என்பதினும், எதற்காக என்பதே அதற்கு மதிப்பைத் தந்தது.

மூன்றாவது, கலப்பு முறையின் வெற்றிக்குச் சான்றாக, அமெரிக்கக் கல்வித்துறை 2009இல் வெளியிட்டு 2010இல் திருத்திய ஆய்வறிக்கையைப் பலரும் காட்டுவர். வகுப்பறையில் மட்டும் கற்றோரைவிடக் கலப்பு முறையில் கற்றோர் மேம்பட்டனர் என்று அது கூறுவது உண்மையே. ஆனால் அவ்வறிக்கை தானே ஓர் எச்சரிக்கையும் தருகிறது. கலப்பு முறையில் கற்றோர் பலருக்குக் கூடுதலான கற்றல் நேரமும் கூடுதலான பாடக்கூறுகளும் கிடைத்தன. ஆகவே பயனைச் சாதனத்துக்கு மட்டும் உரியதாக்கலாகாது என்கிறது. இதை மறப்போர் நேரத்தைக் கூட்டிப் பெற்ற பயனை, நேரத்தைக் குறைத்துப் பெற விரும்புவர். நாம் அஞ்சுவது இதற்கே. 40 விழுக்காடு என்னும் வரம்பு, ஆசிரியரின் எண்ணிக்கையைக் குறைக்க விரும்பும் நிர்வாகத்தின் கையில் இலக்காக மாறிவிடக்கூடும்.

அப்படியாயின் வேறு அளவுகோல் எது? நிறுத்தி, மீண்டும் கேட்டு, தன் வேகத்தில் பயிலத்தக்கதை இணையத்துக்கு விடலாம். பிறருடைய மறுமொழி இன்றிக் கற்கவியலாததை வகுப்பறைக்கு வைத்தல் வேண்டும். நம் இறையியற் கல்லூரிகளையே எடுத்துக்கொள்வோம். கிரேக்க வினைத்திரிபுகளை மாணவர் பதிவுகளைக் கேட்டு நூறுமுறை பயிலலாம். அங்கே கருவி ஆசிரியரைவிடப் பொறுமையுள்ளது. ஆனால் பிரசங்கப் பயிற்சியில் கேட்போர் முகத்தில் தோன்றும் சோர்வை மாணவர் தாமே காணவேண்டும். தவற்றை எடுத்துரைக்கும் ஆசிரியரும் அங்கே அவரோடு இருக்கவேண்டும். ஒரே கல்லூரியின் இரு பாடங்களுக்கே ஒரே விழுக்காடு பொருந்தவில்லையெனில், நாட்டின் எல்லாப் பாடங்களுக்கும் அது எங்ஙனம் பொருந்தும்?

ஆகவே, பாடத்திட்டக் குழுவில் அமரும் ஆசிரியர் ஒவ்வொருவரும், எத்தனை மணிநேரத்தை இணையத்துக்கு மாற்றலாம் எனக் கேட்குமுன், இம்மாணவர் எதற்காக நம்முன் வந்து அமரவேண்டும் எனக் கேட்பாராக. இவ்வினாவுக்கு விடை கூறவியலாத வகுப்பில், நூறு விழுக்காடு நேர்முகமாய்க் கற்பித்தாலும் சந்திப்பு நிகழ்வதில்லை.