மலைபடுகடாத்தில் வழிகாட்டியின் குரல்

ஆற்றுப்படைக்குத் தொல்காப்பியர் கூறும் இலக்கணம் எளியது. வள்ளலிடம் பெருவளம் பெற்று மீளும் கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்போர், வழியிடை எதிர்ப்பட்ட வறியோர்க்குத் தாம் பெற்றதனை அறிவுறுத்தி, அவரும் சென்று பயன்பெறச் சொல்லுதலே அத்துறை. இவ்விலக்கணத்தில் வள்ளலும் வளமும் முன்னிற்கின்றன, ஆறு பின்னிற்கின்றது. ஆற்றுப்படை நூல்கள் வகுப்புகளில் பயிற்றப்பெறும் முறையும் பெரும்பாலும் இதனை ஒட்டியதே. தலைவனது கொடையும் குடிச்சிறப்பும் விரித்துரைக்கப்பெறும். வழி, நிலவருணனை என்னும் ஒரு சொல்லில் அடக்கப்பெறும். சிறுபாணாற்றுப்படைக்கும் பொருநராற்றுப்படைக்கும் இம்முறை ஓரளவு பொருந்தலாம். மலைபடுகடாத்திற்கு இது பொருந்தாது என்பதே யாம் ஈண்டு நிறுவக் கருதுவது. இப்பாட்டின் தலைமைப் பொருள் மலைவழியும், அவ்வழியிற் செல்வோரை நடத்தும் குரலுமே ஆகும்.

கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெறும் இப்பாட்டு 583 அடிகளையுடையது. பத்துப்பாட்டுள் மதுரைக்காஞ்சிக்கு அடுத்த நெடும்பாட்டு. பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். (புலவரின் ஊர்ப்பெயரிலேயே குன்று அமைந்திருத்தல் நோக்கத்தக்கது, இதனைக்கொண்டு எதனையும் நிறுவ இயலாதாயினும், மலையை அறியாத ஒருவர் இப்பாட்டைப் பாடியிருத்தல் அரிது.) பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். மலை நவிரம், அது திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை என்பர். ஆறு சேயாறு. நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டினை உ.வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்த பின்னரே இப்பாட்டு பரவலான ஆராய்ச்சிக்கு வந்தது.

வழிகாட்டி ஒருவன் முதலில் எதனைக் காண்கின்றான் என்பது அவன் தரத்தைக் காட்டும். இப்பாட்டில் அவன் காண்பன இரண்டு: ஒன்று சுமை, மற்றொன்று அடி. முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல் முதலிய இசைக்கருவிகளைப் பைகளிற் கட்டிச் சுமந்துவரும் கூத்தரின் தோற்றம் கார்காலத்துப் பலாமரம் காய்த்துத் தூங்குவதனை ஒக்கின்றது. உடன்வரும் விறலியரின் சிற்றடிகளோ கல்லிற் பட்டுப் பட்டுத் தேய்ந்து, ஓடி இளைத்த நாயின் நாவினை ஒத்திருக்கின்றன. மகளிர் அடிக்கு அனிச்சமும் தாமரையும் உவமையாகக் கேட்டுப் பழகியோர்க்கு இவ்வுவமை திடுக்கிடச் செய்வதாகும். எனினும், ஒருவரை மலைமேல் விடுக்க நினைப்பவன் காண வேண்டிய அடி இதுவே. இனிவரும் அறிவுரை யாவும் இவ்வடிகளையும் இச்சுமையையும் கருதியே சொல்லப்படுகின்றன.

அவ்வறிவுரைகளின் அமைப்பினைக் காண்போம். தினைப்புனத்தை அழிக்கும் பன்றிகளுக்கு அஞ்சிக் குறவர் புழைதோறும் கற்பொறி வைத்துள்ளனர்; ஆதலின் இருள் நீங்கி விடிந்தபின் செல்லுக. பலரும் வழங்காத வழியில் பரல் நிறைந்த பள்ளங்களில் பாம்பு ஒடுங்கிக் கிடக்கும்; மரத்தின்மேல் ஏறிக் கைகொட்டி, நோக்கி, சற்றே விலகிச் செல்லுக. புனங்காவலர் வீசும் கவண்கல் மூங்கிலில் தத்திக்கொண்டு வரும். மரத்தின் மறைவிலே செல்லுக. காட்டாற்றின் கரை வழுக்கும். பருத்த கொடிகளைப் பற்றிக்கொண்டு, சிறுவரையும் உடன்கொண்டு, ஒருவரை ஒருவர் காத்துச் செல்லுக. பாசி படர்ந்த குளக்கரையில் அடி தளரும். மூங்கிலையும் கொறுக்கந் தண்டையும் ஊன்றிச் செல்லுக. எங்கும் இடையூறு தனித்துக் கூறப்படவில்லை. அதற்குரிய செயலும் உடன் கூறப்படுகின்றது. ‘கழிமின்’ என்னும் ஏவற்பன்மை முற்று பயின்று வருதலின் கருத்தும் இதுவே. அச்சுறுத்துவோன் இடையூற்றோடு நிறுத்துவான். வழிகாட்டுவோன் அதனைக் கடத்துவிப்பான்.

ஈண்டு ஒரு தடை எழலாம். இவ்விடையூறுகள் யாவும் மறைமுகப் புகழ்ச்சி ஆகாவோ? பன்றிப்பொறி உண்டெனின் தினை விளைவு மிகுதி; கவண்கல் வருமெனின் காவல் மிகுதி; வழி அரிதெனின் பகைவர்க்கு நன்னனது நாடு எய்தற்கரிது. இவ்வாறு கொள்வதற்கு இடமுண்டு என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின், புகழ்ச்சி ஒன்றே கருத்தெனின் இடையூற்றைக் கூறிய அளவில் அது நிறைவெய்தும். எந்தத் தண்டை ஊன்றுவது, எந்தக் கொடியைப் பற்றுவது என்னும் நுண்மைகளால் நன்னனுக்கு வரும் புகழ் யாது? அவை நடப்போர்க்கு மட்டுமே பயன்படுவன. புகழ்ச்சி என்னும் ஒரு கோலால் அளக்குங்கால் இப்பாட்டின் நற்பகுதி கைநழுவிப் போகின்றது.

இனி, எம் கருத்துக்கு உயிர்நிலையான இடத்திற்கு வருவோம். மயில் ஆடித் தளரும். நெடுமூங்கிலின் கொம்பில் கடுவன் தாவும். அச்சந்தரும் அடுக்கத்தே தேர்ச்சக்கரம் போலத் தேனடைகள் தொங்கும். மலைக்குச் செல்வோர் காண விழையும் காட்சிகள் இவையே. அவற்றைக் கூறிய வழிகாட்டி, ‘காண்க’ என்று கூறவில்லை. அவற்றைக் கண்டாலும் விரைந்து திரும்பி நோக்குதலைத் தவிர்க என்கின்றான். காரணமும் கூறுகின்றான்: ஒருவர் பின் ஒருவராக வரிசையிற் செல்லும் உங்கள் மெல்லடிகள் நெறி மாறிவிடும். பாட்டின் தொடக்கத்தில் நாயின் நாவென நாம் கண்ட அடிகள் இங்கே மீண்டும் வருகின்றன. மலைப்பாதையில் கண் சென்ற வழியே கால் செல்லும் என்பது நடந்தறிந்தோர் அறிவர். வரிசையில் ஒருவர் இடறின் பின்வருவோரும் இடறுவர். அழகினை மறைக்காமல் சொல்லி, அதனை நோக்கும் முறையையும் உடன் வரையறுத்த இவ்விடத்திற்கு நிகரான ஒன்றினைப் பிற ஆற்றுப்படைகளில் யாம் கண்டிலேம்.

இதனைக்கொண்டு கௌசிகனார் காட்சியை வெறுத்தார் எனக் கொள்ளுதல் பிழையாகும். நாட்டினைக் காணத்தக்க அகன்ற ஓரிடம் இவ்வழியில் உண்டு. அங்குள்ள ஆலமரத்தில் பல்வகைப் புள்ளின் குரல், கருவிகள் பல கூடி ஒலித்தாற்போல எழும். அவ்விடத்தை மெல்லமெல்ல நீங்குமாறு அவன் கூறுகின்றான். ஒரே வழியில் ஓரிடத்தில் நோக்காமை, மற்றோரிடத்தில் நடையைத் தளர்த்தல். ஒவ்வோரிடத்திற்கும் உரிய வேகத்தை அறிந்தவன் குரல் இது.

குன்றத்தின் நடுவே, வெயில் புகாத அளவு மரம் செறிந்து, விலங்கைத் தேடித் திரியும் குறவரே திசை மயங்கும் ஓரிடம் வருகின்றது. இங்கே வழிகாட்டியின் அறிவு எல்லையை அடைகின்றது. அவன் அதனை மறைக்கவில்லை. நடவாதீர், அகன்ற பாறையின்மேல் ஒருங்கு கூடி நும் இசைக்கருவிகளை இயக்குக என்கின்றான். சற்றுமுன்னர், கடவுளைக் கண்டால் தொழுது செல்லுக, கருவிகளைத் தொடாதீர் என்று விலக்கியவனும் அவனே. விலக்கிய செயலை ஏவுதல் முரண் அன்று. இடம் மாறின் நெறியும் மாறும். அவ்வொலி கேட்டு, நீர்த்துறையில் நிலைதவறியோர் எழுப்பும் கூக்குரலுக்கு ஓடிவருவோர் போலக் கானவர் விரைந்து வருவர். உண்ண இனிய பழமும் சூட இனிய பூவும் காட்டி, இடையூறு நிறைந்த வழியில் தாம் முன்னே நடந்து அழைத்துச் செல்வர்.

இப்பழத்தையும் பூவையும் உற்று நோக்குதல் வேண்டும். இதற்குச் சில அடிகள் முன்னரே, நெடுந்தொலைவு மணக்கும் பூவும், உண்டோர் மறக்கவியலாத பழமும் உள என்றும், இடமும் வலமும் நினைந்து நோக்கி அவற்றை அணுகாது கடந்து செல்லுக என்றும் கூறப்பட்டுள்ளது. புதியோர்க்கு விலக்கப்பட்ட பூவும் பழமும் கானவர் வந்தபின் கைக்கு எட்டுகின்றன. எதனைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்று அம்மலையில் வாழ்வோரே அறிவர். அவர் வரும்வரை விலக்கே காப்பு; அவர் வந்தபின் மலை திறந்துகொள்கின்றது. கானவர்க்கு இப்பணி புதிதன்று. பாட்டின் தொடக்கத்திலேயே அம்பு தொடுத்த வில்லினராய் நின்றும் வழிச்செல்வோர்க்கு இடுக்கண் செய்யாது செலுத்தும் கானவர் குறிக்கப்படுகின்றனர். அக்குறிப்பு இங்கே மலர்ந்து முழுக்காட்சி ஆகின்றது.

இதன்பின்னரே, பாட்டிற்குப் பெயர் தந்த பகுதி வருகின்றது. மலையை யானையாகவும் அதன்கண் எழும் பல்வகை ஒலியை அந்த யானையின் மதமாகவும் கொண்ட உருவகம் அது. ஏறத்தாழ இருபது ஒலிகள் அடுக்கப்படுகின்றன. அவற்றைக் கூத்தர் எந்நிலையில் கேட்கின்றனர் என்பதே எம் வினா. ஏறியும் இறங்கியும் கடந்து, மலர் உதிர்ந்த வரிநிழலில் இளைப்பாறி அமர்ந்த பின்னரே கேட்கின்றனர். நடக்கும்போது கண்ணுக்கு இட்ட கட்டளை, அமர்ந்தபோது செவிக்கு இல்லை. அமர்ந்தோர் வழுக்கி வீழார். ஆதலின் புலவர் ஐம்பதுக்கு மேற்பட்ட அடிகளைத் தயக்கமின்றி ஒலிக்கே விட்டுவிடுகின்றார்.

அவ்வொலிகளுள் இனியன மட்டுமே உள என்றும் கருதற்க. அருவியின் ஒலி உண்டு. புலி பாய்ந்த கணவன் மார்பின் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாட்டும் உண்டு. புதிதாய்ப் பூத்த வேங்கைப்பூவைக் கொய்ய விழைந்து மகளிர் எழுப்பும் ஆரவாரம் உண்டு; மலைப்பிளவில் குட்டி வீழக் கண்ட மந்தி கிளையொடு கதறும் பூசலும் உண்டு. பலாச்சுளையை உண்டு கழித்த மிச்சிலைக் கன்றுகளை விட்டு மிதிப்பித்து விதையைப் பிரிக்கும் சிறுவர் ஆரவாரம், கிளி கடியும் ஓசை, தினை குற்றும் மகளிர் வள்ளைப்பாட்டு, கரும்பாலையின் ஒலி எனத் தொடர்கின்றது. காண்போர்க்கு மலை ஓவியமாகத் தோன்றலாம். கேட்போர்க்கு அது பிறர் உழைத்தும் அழுதும் வாழும் இடமாகவே தோன்றும்.

பிற்காலத்துக் குற்றாலக் குறவஞ்சியோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பதினெட்டாம் நூற்றாண்டினரான திரிகூடராசப்பக் கவிராயர் படைத்த குறத்தி, வசந்தவல்லியின் முன் நின்று தன் மலையின் வளத்தைப் பாடுகின்றாள். கேட்பவள் ஓரடியும் நடக்க வேண்டுவதில்லை. ஆதலின் அம்மலையில் வழுக்கும் பாறையும் இல்லை, கவண்கல்லும் இல்லை. இன்பத்தில் அப்பாட்டு எதற்கும் குறைந்ததன்று. ஆயினும் அது மலையை வீட்டிற்குக் கொணர்கின்றது. மலைபடுகடாம் நம்மை மலைக்குக் கொண்டுசெல்கின்றது.

இக்காலத்தில் வாடகை வண்டி அமர்த்தி, வழிகாட்டி ஒருவரைத் துணைக்கொண்டு, ஒரே பகலில் மலைக்காட்சிகளைக் கண்டு மீளுதல் பெருவழக்காயிற்று. கொடைக்கானலில் கோக்கர் நடைபாதையும் தூண்பாறையும், உதகையில் 2,637 மீட்டர் உயர்ந்த தொட்டபெட்டாவும் இத்தகைய செலவின் நிலையங்கள். அங்குக் கம்பித் தடுப்பிட்ட காட்சிமுனைகளைக் கண்டு எள்ளுவோர் உளர். யாம் எள்ளமாட்டோம். நின்று நோக்குக, நடந்துகொண்டே நோக்கற்க என்னும் கௌசிகனார் நெறியே அங்குக் கம்பியாய் நிற்கின்றது. குறை வேறிடத்தில் உள்ளது. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடைப்பட்ட வழி வண்டியின் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைகின்றது. அமர்ந்து கேட்கும் வரிநிழலுக்கு அந்நாளின் கணக்கில் நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

நடந்தே செல்லும் மலையேற்றத்தில் நெறி பிழைப்பின் வருவது குறையன்று, கேடு. 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைப்பகுதியில் பற்றிய காட்டுத்தீயில் மலையேற்றத்திற்குச் சென்றோர் பலர் உயிரிழந்தனர். அதன்பின் அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகளை வகுத்தது. 2024இல் வனத்துறை 40 மலைவழிகளைத் தேர்ந்து தொடங்கிய திட்டத்தில், அவ்வம்மலைப் பழங்குடி இளைஞர் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாய் அமர்ந்தனர். பாறையின்மேல் கூத்தர் எழுப்பிய இசையைக் கேட்டு ஓடிவந்த கானவரை அறிந்தோர்க்கு இச்செய்தி புதுமை அன்று.

ஆராய்வதற்கு இன்னும் ஓரிடம் உளது. மலையைக் கடந்து கவர்த்த காட்டுவழிகளை அடையுமிடத்து, முன்னர் இவ்வழி அறியாத புதியோராகிய நீர், சந்திகளைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுக என்று வழிகாட்டி கூறுகின்றான். பின்வருவோர் வழி தவறாதிருத்தற்பொருட்டு இட்ட ஏவல் இது. வழி கேட்டு நின்றோர் அவ்வழியைக் கடந்து முடிக்குமுன்னரே பிறர்க்கு வழி காட்டுவோர் ஆகின்றனர். வளம் பெற்றோர் பெறாதோர்க்கு அறிவுறுத்துதல் எனத் தொல்காப்பியர் கூறிய இலக்கணத்தை, நன்னனது கொடையைப் பெறுவதற்கு முன்னரே, ஒரு பிடிப் புல்லைக்கொண்டு இக்கூத்தர் நிறைவேற்றிவிடுகின்றனர். அதே கவர்வழிகளில், மராமரத்தடியில், செல்லும் இடத்தின் பெயரை அறியக் கல்லிற் செதுக்கிய எழுத்தும் உண்டென்று அடுத்த அடிகள் கூறுகின்றன. கல்லெழுத்து இருக்கும் காட்டில் புல்முடிச்சும் வேண்டப்படுதல் ஏன் என்பதை ஆய்வு மாணவர் ஆராய்தல் நன்று. கல் இடத்தின் பெயரைக் கூறும். இன்று காலை ஒரு கூட்டம் இவ்வழியே சென்றது என்பதைக் கூறவல்லது வாடாத புல்லே.