தோளில் ஏறும் வானொலி நிலையம்

திருத்தணிப் பக்கத்து அம்மையார்குப்பத்தின் நெசவுத் தெருக்களில் தறிச்சத்தம் காதை அடைக்கும். ஷார்ட்வேவ் ரேடியோவின் காதை அடைப்பது வேறு. வீட்டுக்கு வீடு எரியும் மலிவு எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், மின்கம்பத்தில் பொறி பறக்கும் பழைய இன்சுலேட்டர். இவை போடும் கூச்சல் மனிதக் காதுக்கு எட்டாது. ஏழு மெகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோவைத் திருப்பியவருக்கு மட்டும் இடைவிடாத இரைச்சலாக வந்து விழும். அதே ரேடியோவைப் பேட்டரியோடு ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு பாறைக் குன்றின் மேல் கொண்டுபோய் வைத்தால் இரைச்சல் வடிந்து, அதன் அடியில் அமுங்கிக் கிடந்த குரல்கள் மேலே வரும். ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு குன்றேறுவதற்கு முதல் காரணம் இந்த அமைதிதான்.

காரிலேயே நிலையம் அமைப்பவர்களும் உண்டு. எஞ்சின் இருக்கிறது, பெரிய பேட்டரி இருக்கிறது, மழை வந்தால் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம். அதில் ரசிக்க அதிகம் இல்லை. 2002 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கி உலகெங்கும் பரவிய ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’ என்ற மலையுச்சி வானொலித் திட்டம் வாகனத்தை விலக்குவதை விதியாகவே வைத்திருக்கிறது. வாகனத்திலிருந்து பேசினால் கணக்கில் சேராது. கடைசித் தூரத்தை நடந்தோ, மிதிவண்டி போன்ற எஞ்சின் இல்லாத வழியிலோ கடக்க வேண்டும். கருவிகளைச் சுமந்து ஏற வேண்டும். பெட்ரோல், டீசல் ஜெனரேட்டர் கூடாது. உச்சியிலிருந்து குறைந்தது நான்கு பேரோடு தொடர்பு கொண்டால்தான் புள்ளி. இந்தக் கெடுபிடிகளால்தான் ஆட்டத்துக்கே சுவை வருகிறது.

எனவே குன்றேறும் ஹாமைப் பார்க்க வரும் ரசிகர் முதலில் பார்க்க வேண்டியது அவர் பையை. என்ன இருக்கிறது என்பதைவிட எதை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று பாருங்கள். கார் பேட்டரி பத்துக் கிலோவுக்கு மேல். குன்றேறுபவர் பையில் இருக்கும் 4.5 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி அரைக் கிலோவை ஒட்டித்தான் வரும். சின்ன ரேடியோக்கள் கேட்கும்போது அரை ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கின்றன; ஐந்து வாட்டில் பேசும்போது சுமார் இரண்டு ஆம்பியர். பேச்சைக் குறைத்துக் கேட்பதைக் கூட்டினால் பாதி நாள் ஓடும்.

ரேடியோவில் ஜப்பானிய யேசு, ஐகாம் பெட்டிகள் பெயர்பெற்றவை. ஆனால் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியது ஹைதராபாத்தில் பிறந்த ‘பிட்எக்ஸ்’. அஷ்ஹர் ஃபர்ஹான் என்ற ஹாம், இந்தியச் சந்தையில் கிடைக்கும் சாதாரண உதிரிபாகங்களை வைத்தே கட்டக்கூடிய ரேடியோவாக இதை வடிவமைத்தார். கம்பிச் சுருள் சுற்ற உரிய வளையம் கிடைக்காதவர்கள் தண்ணீர்க் குழாய் வாஷரில் சுற்றினார்கள், வேலை செய்தது! 2017 கடைசியில் வந்த அதன் தம்பி ‘மைக்ரோ பிட்எக்ஸ்’ உலகெங்கும் மேசைகளில் ஏறியது. விலையுயர்ந்த பெட்டியைவிட, மூடியைத் திறந்து காட்டக்கூடிய இந்தப் பெட்டியை வைத்திருப்பவரிடம் பேச்சு சுவாரசியமாக இருக்கும்.

அடுத்து, கம்பி. பார்க்க வருபவர்கள் ரேடியோவின் திரையையே உற்றுப் பார்ப்பார்கள். நிலையத்தின் திறமை பெரும்பாலும் கம்பியில்தான் இருக்கிறது. ஏழு மெகாஹெர்ட்ஸுக்கான அரை அலைநீள ஆன்டெனா சுமார் 20 மீட்டர். பதினான்குக்குச் சுமார் 10 மீட்டர். நடுவைத் தூக்கி இரு முனைகளையும் சரித்துக் கட்டினால் அது தலைகீழ் ‘வி’. தூக்குவதற்கு மடக்குக் கழி, தூண்டில் கழி மாதிரி நீளுவது. ஃபைபர்கிளாஸில் இருந்தால் நல்லது. கார்பன் கழி மின்சாரத்தைக் கடத்தி ஆன்டெனாவைக் குழப்பும். கழி இல்லையென்றால் மூங்கில், அதுவும் இல்லையென்றால் மரம். இந்தப் பக்கம் பனைக்குக் குறைவில்லை, ஆனால் நூலை எறிந்து மாட்டக் கிளை இல்லாத மரம் அது. புளியோ வேம்போதான் கைகொடுக்கும். சணலில் கல்லைக் கட்டி, சரியான கிளைக்கு மேலாக ஒரே வீச்சில் போடும் கையைப் பார்ப்பதே தனி ரசனை. வெறும் பாறையில் முளை அடிக்க முடியாது. முனைகளைப் புதரிலும் பாறை இடுக்கிலும் கட்டியிருக்கும் முடிச்சுகளில் அனுபவம் தெரியும்.

உயரத்துக்கும் ஒரு தந்திரம் உண்டு. ஏழு மெகாஹெர்ட்ஸ் கம்பியை ஏழெட்டு மீட்டர் உயரத்தில் கட்டினால் அலை பெரும்பாலும் நேர் மேலே போகும். முந்நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும் அயனி மண்டலம் அதைத் திருப்பிவிட, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குக் குடை விரித்ததுபோல் இறங்கும். சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பதினான்கு மெகாஹெர்ட்ஸின் கதை தலைகீழ். தாழ்ந்த கோணத்தில் போகும் அலை முதல் தாவலிலேயே பக்கத்து ஊர்களைத் தாண்டிவிடும். ஐரோப்பாக்காரர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னை நண்பருக்கு ஒன்றுமே கேட்காது.

ஐந்து வாட் போதுமா என்பது புதியவர்களின் கேள்வி. நூறு வாட்டை ஐந்தாகக் குறைத்தால் இழப்பு 13 டெசிபெல். சிக்னல் மீட்டரில் ஒரு எண் என்பது ஆறு டெசிபெல். ஆக, எதிர்முனையில் முள் இரண்டு எண்ணுக்குச் சற்று மேல் இறங்கும், அவ்வளவுதான். ஆனால் குன்றின் அமைதி நம் காதுக்கு மட்டுமே கிடைத்த வரம். எதிரே இருப்பவர் தன் ஊர் இரைச்சலுக்கு நடுவேதான் நம்மைத் தேட வேண்டும். ஆகவே தெளிவுக்கு ஐந்து வரை, வலுவுக்கு ஒன்பது வரை மதிப்பெண் போடும் வழக்கத்தில், போட்டி நாட்களில் எல்லோருக்கும் வாரி இறைக்கும் ‘ஐந்து-ஒன்பதை’விட, ஒருவர் சிரமப்பட்டுக் கேட்டு நேர்மையாகத் தரும் ‘மூன்று-மூன்று’ உயர்ந்தது.

பிறகு காதைக் கொடுங்கள். ஏழு மெகாஹெர்ட்ஸில் தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து வரும். இந்தப் பகுதிக்கு இரு மொழியும் சொந்தம்: திருத்தணி வட்டம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது 1960 ஏப்ரல் 1 அன்று. இந்திய அழைப்புக்குறியோ மாநிலத்தைச் சொல்வதே இல்லை. வி.யு.2, வி.யு.3 என்ற தொடக்கங்கள் ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பொது. அந்தமானுக்கு வி.யு.4, லட்சத்தீவுக்கு வி.யு.7 என்று மட்டுமே தனி அடையாளம். எனவே குன்றின் மேலிருப்பவர் ஊர்ப்பெயரை வாயால்தான் சொல்ல வேண்டும். இடையிடையே ‘படார் படார்’ என்று வெடிப்பு கேட்டால் எங்கோ இடி இறங்குகிறது என்று பொருள், அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். நெருங்கி வந்தால் ரசனையை ஒத்திவைத்துக் கம்பியை இறக்கிவிட வேண்டும்.

அந்த வி.யு.4-க்கு ஒரு வரலாறு உண்டு. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத்தின் குழு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தது. நோக்கம் பொழுதுபோக்குதான்: பல ஆண்டுகளாக அமெச்சூர் அலையில் ஒலிக்காத தீவிலிருந்து பேசுவது. 26ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசிகள் ஓய்ந்தன, தீவிலிருந்தவர்களின் நலச் செய்திகள் அந்த ஹாம் அலைகள் வழியே நிலப்பகுதிக்குக் கடந்தன. கம்பியை எவ்வளவு சீக்கிரம் கட்ட முடியும் என்ற விளையாட்டுப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது நல்ல பதில்.

முயல விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். ஒலிபரப்ப மத்திய அரசின் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும். கோயில் குன்றுகளைப் பக்தர்களுக்கு விட்டுவிடலாம்; காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும்; மின்கம்பி அருகே ஒருபோதும் நூல் எறியக்கூடாது. இதெல்லாம் பிறகு என்பவர்கள் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக இணைய ரேடியோவைச் செல்போனிலேயே திறந்து, நம் மாலை நேரத்தில் பதினான்கு மெகாஹெர்ட்ஸை மெதுவாக நகர்த்திப் பார்க்கலாம். வி.யு. என்று தொடங்கும் குரல் கிடைத்தால், குறியின் கடைசியில் ‘போர்ட்டபிள்’ என்ற சொல் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் மறுமுனையில் பேட்டரிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். மதிப்பெண், பெயர், ஊர் என்று பேச்சு மூன்றே வரியில் முடிந்து, அடுத்தவரைக் கூப்பிடப் போய்விடுவார்.