காவிரிக் கரையும் கல்லணையும்

காவிரி கொள்ளிடத்தை நெருங்குமிடத்தே அமைந்த கல்லணையைக் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கரிகாற்சோழன் கட்டினான் என்பது பாடநூல்களிலும் ஆய்வுரைகளிலும் ஐயமின்றி எழுதப்பெற்று வருகின்றது. அதற்குக் காட்டப்பெறும் சான்றுகள் உண்மையில் எதனைக் கூறுகின்றன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலை, அவன் காட்டைத் திருத்தியதையும் குளங்கள் அமைத்ததையும் உறையூரைச் சிறப்பித்ததையும் போற்றுகின்றது. காவிரியில் அவன் செய்த பணி எதனையும் கூறவில்லை. பொருநராற்றுப்படை காவிரிநாட்டு வளத்தை விரித்துரைத்தும் இச்செய்தியைக் குறிக்கவில்லை. அவன் காவிரிக்குக் கரை கண்டான் என்னும் செய்தி, பல நூற்றாண்டுகள் கழிந்தபின், ரேநாட்டுச் சோழன் புண்ணியகுமாரனின் மாலேபாடுச் செப்பேட்டிலும், முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும், கலிங்கத்துப்பரணியிலும் காணப்படுகின்றது.

இவை மூன்றும் கரையையே கூறுகின்றன, அணையைக் கூறவில்லை. கரை என்பது ஆற்றின் இருமருங்கும் வெள்ளத்தை அடக்கும் மண்வேலை. கல்லணையோ காவிரிநீர் கொள்ளிடத்தில் வீழ்ந்து வீணாகாதவாறு தடுத்துச் சோணாட்டு வயல்களுக்குத் திருப்புவது. கரையிட்டவனே அணையும் கட்டியிருத்தல் கூடும் எனலாம். அது கருத்தளவையேயன்றிச் சான்று ஆகாது. கரிகாலன் காலத்தை அணைக்கு ஏற்றி, அவ்வணையின் பழமையால் அவன் பெருமையை நிறுவுதல் ஒன்றையொன்று பற்றும் குற்றமாம்.

இன்று காணும் கட்டடத்தைச் சான்றாக்கலும் எளிதன்று. 1804-இல் படைப்பொறியாளர் கால்டுவெல் (மொழிநூலறிஞர் கால்டுவெல் வேறு) அணையை உயர்த்தக் கருதினார். 1830-இல் மணல் நீக்கும் மதகுகள் வைக்கப்பெற்றன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் காவிரி, வெண்ணாற்றுத் தலைப்புகளில் நீரொழுங்கிகளும், 1934-இல் கல்லணைக் கால்வாயும் சேர்ந்தன. கல்லும் களிமண்ணும் கொண்ட பழைய உடல் இவற்றின் உள்ளே அடங்கியது. ஆகலின் இன்றைய அணையின் நீள அகலங்களைச் சங்ககால அளவுகளாகக் காட்டுதல் பொருந்தாது.

இதனால் அணையின் சிறப்புக் குறையாது. ஆழ்ந்த மணலின்மேல் அடித்தளமிடும் முறையை இப்பழைய அணைகளிடமே கற்றதாக ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டார். 1836-இல் தொடங்கிய மேலணை அவ்வறிவின் பயனே. பெயர் தெரியாத தச்சரின் அவ்வறிவு, மன்னன் பெயரின்றியும் நிற்கும்.

எனவே, 'கரிகாலன் காவிரிக்குக் கரையிட்டான் என்பது பிற்காலச் சான்றுகள் கூறும் மரபு. கல்லணை பழமையானது, கட்டியவன் இன்னான் எனத் துணிதற்கில்லை' என இரண்டையும் பிரித்தெழுதுதலே ஆய்வுநெறிக்கு ஒத்ததாகும்.