கல்வெட்டில் இடம் கிடைக்காத காதலிகள்

தமிழ்ச் சரித்திர நாவலில் ஒருதலையாகக் காதலிக்கும் பெண்ணுக்கு எழுத்தாளர்கள் ஒதுக்கிவைத்த வேலை பெரும்பாலும் மூன்றுதான். கதாநாயகனை ஒளித்துவைக்க வேண்டும், அவன்மேல் விழும் பழியைத் தான் ஏற்க வேண்டும், கடைசியில் அவன் மடியில் உயிரை விட வேண்டும். கல்கியின் 'பொன்னியின் செல்வ'னில் வரும் மணிமேகலை மூன்றையும் செய்கிறாள். கடம்பூர் சம்புவரையர் மகள் அவள். அண்ணன் கந்தமாறன் வாய் ஓயாமல் புகழ்ந்ததைக் கேட்டே கதாநாயகன் வந்தியத்தேவனிடம் மனத்தைப் பறிகொடுத்தவள். பிறகு அதே அண்ணன் சோழ இளவரசன் மதுராந்தகனைக் கட்டிக்கொள் என்கிறான், அப்புறம் பட்டத்து இளவரசன் கரிகாலனை. கரிகாலன் கொலையில் வந்தியத்தேவன் மாட்டிக்கொண்டதும், கொன்றவள் நானே என்று முன்னால் வந்து நிற்கிறாள். இவ்வளவுக்கும் கிடைத்தது கடைசி அத்தியாயத்தில் ஒரு சாவு. ஐந்து பாகம் படித்த வாசகருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

காதல் தோற்பது நமக்குப் புதிதில்லை. தொல்காப்பியம் ஏழு திணைகளில் ஒருதலைக் காதலான கைக்கிளைக்கும் இடம் கொடுத்திருக்கிறது. புறநானூற்றில் 83 முதல் 85 வரையுள்ள மூன்று பாட்டும் புலவர் நக்கண்ணையார் சோழன் பெருநற்கிள்ளி மேல் கொண்ட ஆசையைப் பாடியவை. தாய்க்கு அஞ்சுகிறாள், ஊருக்குக் கூசுகிறாள். ஆனாலும் பேச்சு முழுக்க அவளுடையது. அவன் திரும்பிப் பார்த்தானா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. நாவலுக்கு வரும்போது இந்தக் குரல்தான் தொலைந்துபோகிறது.

தொலைந்ததற்குக் காரணம் உண்டு. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியதேவரின் தேவி என்கிறது. ராஜராஜன் மகன் ராஜேந்திரனைப் பெற்றவள் வானவன் மாதேவி என்பதும் முடிந்த கணக்கு. கற்பனையில் பிறந்த பெண்ணை அந்த வரிசையில் எங்கே உட்காரவைப்பது? அவளை விரட்ட வேண்டும், அல்லது கொல்ல வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: ராஜராஜனுக்குப் பல தேவியர் இருந்ததையும் சொல்வது அதே கல்வெட்டுகள்தான். ஆனால் சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்த சட்டம் 1949இல் வந்தது. 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது 1950இல். சட்டத்துக்குப் பயந்து கல்கி எழுதினார் என்று சொல்லமாட்டேன். ஒருவனுக்கு ஒருத்தி என்ற அந்தக் காலத்துக் குடும்ப வாசகரின் மனம் அவர் பேனாவுக்குள் இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

சாண்டில்யன் பள்ளி வேறு. 'கடல் புறா'வில் காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும் ஒருவனிடமே மனம் வைக்கிறார்கள். அதற்காக ஒருத்தியைப் பலி கொடுத்தே ஆக வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இல்லை. ஆனால் அங்கே வர்ணனை கூடிப்போய் ஏக்கம் குறைந்துவிடுகிறது. எனக்கு அதுவும் ஒரு குறைதான்.

ஒருதலைக் காதலை எடைபோட நான் வைத்திருக்கும் தராசு ஒன்றுதான்: காதலை எடுத்துவிட்டால் அந்த ஆளிடம் மிச்சம் என்ன இருக்கிறது? 'பொன்னியின் செல்வ'னின் படகுக்காரப் பெண் பூங்குழலியிடம் கடல் இருக்கிறது. கோடிக்கரைச் சதுப்பில் இரவு நேரத்தில் தீக்கொழுந்துகள் எழுந்து அடங்கும் இடத்துக்கு வந்தியத்தேவனைக் கூட்டிப்போய், அந்தக் கொள்ளிவாய்ப் பேய்கள்தாம் என் காதலர்கள் என்கிறாள். பின்னாளில் ராஜராஜனாகும் அருள்மொழி மேல் அவளுக்குள்ள ஆசையை அந்த ஒரு கிண்டலில் கல்கி காட்டிவிடுகிறார். நெஞ்சில் அந்த ஏக்கத்தை வைத்துக்கொண்டேதான் இலங்கைக்குப் படகு வலிக்கிறாள், வந்தவனை வாய்க்கு வந்தபடி வைகிறாள். யாரும் அவளைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லிவிட முடியாது.

ஆண்கள் பக்கம் கல்கி தாராளம். பூங்குழலியையே நினைத்துக்கொண்டு பூமாலை கட்டிய சேந்தன் அமுதனுக்குப் பெண்ணும் கிடைக்கிறாள், சோழ சிங்காதனமும் கிடைக்கிறது. 'சிவகாமியின் சபத'த்து நாகநந்திக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் காவிக்குள் அந்தப் பிக்கு மறைத்துவைத்த ஆசைதான் பாதிக் கதையை நகர்த்துகிறது. கைக்கிளைக்கு நம் நாவலில் அவரைவிட வலுவான ஆளை எனக்குக் காட்டத் தெரியவில்லை.

மணிரத்னம் 'பொன்னியின் செல்வ'னை 2022லும் 2023லும் இரண்டு பாகமாகப் படம் எடுத்தபோது பூங்குழலியை வைத்துக்கொண்டார், மணிமேகலையை அடியோடு விட்டுவிட்டார். படித்தவர்கள் கொதித்தார்கள். நானும் கொதித்தேன், ஆனால் என் கோபம் மணிரத்னத்தின் மேல் இல்லை. விட்டாலும் கதை ஓடும் என்கிற நிலையில் அவளை எழுதிவைத்தவர் கல்கி.