காந்தமும் பெண்டிரும்: இரண்டு அறிக்கைகள்

காந்தம் ஆணுடலில் ஒருவிதமாகவும் பெண்ணுடலில் வேறுவிதமாகவும் செயற்படும் என்று சொல்லுவார் இன்றும் உளர். அன்னோர் 1784-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் எழுதப்பெற்ற இரண்டு அறிக்கைகளைப் படித்தல் நன்று. ஒன்று உலகறிய வெளிவந்தது; மற்றொன்று பதினாறாம் லூயி மன்னனுக்கென மறைவாக எழுதப்பட்டது.

மெஸ்மர் என்னும் மருத்துவர், 'உயிர்க்காந்தம்' என்றோர் ஆற்றல் நோயெல்லாம் தீர்க்கும் என்றார். மக்கள் திரண்டனர், பலர் வலிப்புற்று மயங்கினர். மயங்கியவருள் பெண்டிரே மிகுதி. உண்மை காண மன்னன் அமைத்த குழுவில் பிராங்க்ளின், லவாசியே, பாய்யி முதலிய பேரறிஞர் இருந்தனர்.

முதல் அறிக்கை பகுத்தறிவுக்கு ஓர் அணிகலன் என்போம். மெஸ்மரின் மாணாக்கர் தெலோன் ஒரு மரத்திற்குக் 'காந்தமூட்டினார்'. கண்கட்டப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவனோ, காந்தமூட்டப்பெறாத வேறொரு மரத்தடியில் மயங்கி வீழ்ந்தான். காகிதத் தடுப்புக்குப் பின்னிருந்து ஒரு பெண்மணிக்கு அரைமணி நேரம் காந்தமூட்டினர். அதனை அறியாத அவர் இனிது உரையாடிக்கொண்டிருந்தார். நேரே நின்று செய்தபோதோ சில நிமிடங்களில் துடிக்கலானார். மயக்கியது காந்தமன்று, கற்பனையே எனக் குழுவினர் முடிவு கூறினர். எத்துணைத் தெளிவு!

இரண்டாம் அறிக்கைக்கு வருவோம். பெண்டிரின் நரம்புகள் எளிதில் அசைவன, அவர்தம் கற்பனை மிக்கது, ஆதலின் அவர் ஒழுக்கத்திற்கு இடர் நேரும் என்று அது கூறுகின்றது. இதற்குச் சோதனை யாது? ஒன்றும் இல்லை. மரத்தடியில் வீழ்ந்தவன் ஆண்பிள்ளை அன்றோ? காந்தமூட்டுவோர் ஆடவரே என்று அவ்வறிக்கையே ஒப்புகின்றது. ஆணையிடுவோர் ஒரு பாலாரும் பணியப் பழக்கப்பட்டோர் மறுபாலாருமாய் இருந்த அறையில், பழியை நரம்பின்மேல் ஏற்றியது ஏன்? தீர்ப்புக்கு ஆளான பெண்டிர் அத்தீர்ப்பைப் படிக்கவும் இடமில்லை.

கணக்கேட்டின் ஒரு பக்கத்தைச் சரிபார்த்து, மறுபக்கத்தைப் பாராமல் கையொப்பமிடும் கிராணியை எந்தத் துரையும் மன்னியார். பேரறிஞர் செய்தாலும் பிழை பிழையே.

இக்காலத்து மருத்துவமனைகளில் உடலின் உட்படம் எடுக்கும் காந்தக் கருவி, நிலவுலகின் காந்தத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. ஆணும் பெண்ணும் அவ்வொரே கருவியிற்றான் படுக்கின்றனர். எனினும் ஆணுக்கொரு காந்தம், பெண்ணுக்கொரு காந்தம் என விற்பாரும் வாங்குவாரும் உளர். பிறர் மூடநம்பிக்கையைச் சோதிப்பது எளிது. நமக்கு இயல்பாகத் தோன்றுவதைச் சோதிப்பதே அரிது. அதனைச் செய்யாத சீர்திருத்தம் அரைச் சீர்திருத்தமே என்பது நமது துணிபு.