கோட்டுக்கு ஒன்று, பரப்புக்கு ஒன்று

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு நேரே மலையேறினாலும், கம்பம்மெட்டு வழியாகச் சுற்றிப் போனாலும், ஏறிய உயரம் ஒன்றுதான். நில அளவைத் துறை வரைபடத்தில் 20 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு. ஏறும்போது வெட்டும் கோடுகளைக் கூட்டி, இறங்கும்போது வெட்டுபவற்றைக் கழித்தால் விடை வந்துவிடும். பாதையைத் தின்று எண்ணைத் தரும் இத்தகைய கருவிக்கு ஒன்றாம் படி வகையீட்டு வடிவம் என்று பெயர். (பஸ் குடிக்கும் டீசல் இதில் சேராது, இறங்கும்போது அது திரும்பக் கிடைப்பதில்லையே!)

பரப்பைத் தின்பது இரண்டாம் படி வடிவம். தேக்கடித் தண்ணீரைப் பெரியாறு மின் நிலையத்துக்கு இறக்கும் நான்கு ராட்சதக் குழாய்களைப் பாருங்கள். நிரம்பி ஓடும் குழாயை நேராக வெட்டினாலும் சாய்வாக வெட்டினாலும் நொடிக்குக் கடக்கும் தண்ணீர் அதேதான். வெக்டரில் இதைச் சொல்ல செங்குத்துக்கோடு வேண்டும், கொசைன் வேண்டும். வடிவத்துக்கு இரண்டுமே வேண்டாம்.

எனக்கு இந்தக் கணிதம் பிடித்துப்போனது இதன் நேர்மையால்தான். எதை எதன்மேல் அளக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு அளவும் தானே சொல்லிவிடுகிறது. வெக்டர் கணிதம் எல்லாவற்றையும் அம்புக்குறியாக்கி அந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. கல்லூரியில் மனப்பாடம் செய்யும் சரிவு, சுழல், விரிவு மூன்றும் இங்கே ஒரே வகையீட்டுச் செயலி. கிரீன், காஸ், ஸ்டோக்ஸ் தேற்றங்களும் ஒரே வரி: உள்ளே நடப்பதன் கூட்டுத்தொகை விளிம்பில் தெரியும். 1844இல் கிராஸ்மன் விதைத்ததை 1899இல் எலி கார்ட்டான் இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

உச்சம் மாக்ஸ்வெல்லிடம். மின்காந்தவியலின் நான்கு சமன்பாடுகள் இரண்டாகின்றன. காந்தப்புலக் கோடுகளுக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை என்பதைத் தன்னுள் அடக்கிய முதல் சமன்பாட்டுக்கு அளவுகோலே தேவையில்லை. நீளமும் கோணமும் இரண்டாவதில்தான் நுழைகின்றன.

இதற்கும் இந்தப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. போடி மேற்கு மலைக்கு அடியில், பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம் எதிர்ப்பிலும் வழக்கிலும் நின்றுபோனது. 50,000 டன் காந்த இரும்பு அங்கே வருவதாக இருந்தது. 85 டன் சிறுமாதிரி மதுரையில் இருக்கிறது. அந்தக் காந்தப்புலத்தில், மியூவான் என்ற துகளின் மின்னூட்டத்தை அதன் பாதை வளையும் பக்கம் காட்டிக்கொடுக்கும். அந்த இரும்புக்குள்ளும் முதல் சமன்பாட்டில் ஓர் எழுத்துகூட மாறாது. இரும்பா காற்றா என்று கேட்பது இரண்டாவதுதான்.